ஓரியூர்ச் செம்மணல்

நம் கரிசல் சீமையில் 'பழி' என்ற சொல்லுக்குக் கனம் அதிகம். வரப்புத் தகராறு, கண்மாய்த் தண்ணீர் என்று தாத்தா காலத்தில் நின்றுபோன பேச்சு, பேரன் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் வரும். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஓரியூர் ஞாபகம் வரும். 1985 வரை பரளச்சிக்கும் ஓரியூருக்கும் ஒரே ராமநாதபுரம் மாவட்டம்தான். அதற்கு முன்னால் இரண்டும் சேதுபதி சீமை.

லிஸ்பன் நகரில் 1647-ல் பிறந்த ஜான் டி பிரிட்டோ, போர்ச்சுக்கல் இளவரசரோடு அரண்மனையில் வளர்ந்தவர். துறவியாகி, காவி உடுத்தி, புலால் தவிர்த்து, அருளானந்தர் என்ற பெயரோடு மறவர் நாட்டுக்கு வந்தார். 1686-ல் பிடித்து வதைத்தார்கள். சேதுபதி அவரை அழைத்து விசாரித்து, இனி இங்கே போதிக்கக் கூடாது என்று சொல்லி உயிரோடு விட்டார். ஊருக்குப் போனவர் 1690-ல் திரும்பி வந்தார்.

பிறகு தடியத்தேவர் கிறிஸ்தவரானார். ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுப் பெண். அந்தப் பெண்ணின் மனக்குறையும் சாதாரணமானதல்ல. அதையும் சொல்லத்தான் வேண்டும். 1693 ஜனவரியில் அருளானந்தர் கைதானார். பிப்ரவரி 4-ம் தேதி ஓரியூரில் தலை வெட்டப்பட்டது.

நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். சேசு சபையாரின் பழைய கடிதத் தொகுதியில் லாய்னஸ் பாதிரியார் இந்தச் சாவைப் பற்றி எழுதியதை அந்த மொழியிலேயே வாசித்தேன். முந்தின நாள் சிறையிலிருந்து அருளானந்தர் எழுதிய கடிதத்தில், தன் சாவை உழைப்புக்குக் கிடைத்த கூலியாகவே சொல்கிறார். வெட்ட வந்தவனைக் கட்டித் தழுவினார் என்பது சபையாரிடம் வழிவழியாக வரும் செய்தி. 1947-ல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

உத்தியோகத்தில் இருந்த காலத்தில் ஒருமுறை ஓரியூர் போனேன். அப்போது நானும் என் அண்ணனும் ஒன்பது வருஷமாகப் பேசுவதில்லை. பாகப்பிரிவினையில் வரப்போரத்துப் பனைகள் யாருக்கு என்பதுதான் வழக்கு. கோயிலுக்கு வெளியே, நெற்றியில் திருநீறோடு ஒரு பெரியவர், பேரனுக்குக் காது குத்தக் கிடாயோடு வந்திருந்தார். "ஐயா, இந்தச் சீமைதானே இவரை வெட்டியது, இங்கேயே நேர்த்திக்கடனா?" என்று கேட்டேன்.

"வெட்டுனதும் எங்க சீமை, கும்புடுறதும் எங்க சீமை. அவரு மனசுல வச்சுக்கிரல. நாங்க ஏன் ஒளியணும்?" என்றார்.

அங்கே மணல் சிவப்பாக இருக்கும். அவர் ரத்தம் விழுந்ததால் என்பார்கள். கிறிஸ்தவர்களும் இந்துக்களும் ஒன்றாகவே அதை முடிந்துகொண்டு போகிறார்கள். நடந்ததை யாரும் மறைக்கவில்லை, மறக்கவும் இல்லை. அதன் பேரில் யாரும் கணக்குத் தீர்க்கவில்லை, அவ்வளவுதான். மன்னிப்பு என்றால் மறந்துவிடுவது என்று அதுவரை நினைத்திருந்தேன்.

மறு வாரம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றேன். "சாப்பிட்டியாடா?" என்று கேட்டார். வழக்கைத் திரும்ப வாங்கினேன். பனைகள் அவர் பக்கமே இருக்கின்றன. யார் பக்கம் நியாயம் என்று அப்புறம் நாங்கள் பேசவே இல்லை. வருஷா வருஷம் நுங்கு மட்டும் என் வீட்டுக்கு வந்துவிடுகிறது.