தேர்ச்சிக்கு ஒரு கெடு: அமெரிக்க மாணவர் நிதியுதவியில் 'திருப்திகரமான முன்னேற்றம்' (1944–2020)

அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் நிதியுதவியோடு கல்லூரியில் சேரும் மாணவர், அந்த உதவி தொடர வேண்டுமானால் மூன்று அளவைகளில் தேறியாக வேண்டும். மதிப்பெண் சராசரி, அதாவது ஜி.பி.ஏ., குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கக் கூடாது. பதிவு செய்த கிரெடிட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கையாவது முடித்திருக்க வேண்டும். பட்டத்துக்குரிய கால அளவைப்போல் ஒன்றரை மடங்குக்குள் படிப்பு முடிந்துவிட வேண்டும். 'திருப்திகரமான முன்னேற்றம்' என்ற இந்த விதியை நிதியுதவி அலுவலகங்களில் சுருக்கமாக 'சாப்' (SAP) என்பார்கள். இதைப் பற்றிய பொது விவாதம் பெரும்பாலும் முதல் அளவையைச் சுற்றியே நடந்துவந்திருக்கிறது. ஆனால் ஏழை மாணவர்களை அதிகம் பாதித்தவை பின்னாளில் சேர்ந்த காலக் கணக்குகள்தாம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விதியின் வேர் 1944 ஜூன் 22 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட ஜி.ஐ. சட்டத்தில் இருக்கிறது. போரிலிருந்து திரும்பிய வீரருக்கு ஆண்டுக்கு 500 டாலர் வரை கல்விக் கட்டணமும், மணமாகாதவராயின் மாதம் 50 டாலர் படியும் வழங்கிய சட்டம் அது. அதன் வழியாகச் சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிக்குப் போனார்கள். உதவி பெறுபவரின் படிப்பு திருப்திகரமாக இருக்க வேண்டும் என்று அச்சட்டமும் கேட்டது. எது திருப்திகரம் என்று முடிவு செய்யும் பொறுப்பைக் கல்வி நிறுவனத்தின் வழக்கமான நியதிகளுக்கே விட்டுவிட்டது. ஒரு மாணவர் தேறுகிறாரா என்பதை அவருக்குப் பாடம் நடத்துபவரே அறிவார் என்ற நம்பிக்கை அதில் இருந்தது.

அந்த நம்பிக்கையில் முதல் விரிசலை உண்டாக்கியவர்கள் மாணவர்கள் அல்லர். அரசுப் பணத்துக்காகவே முளைத்த தனியார் தொழிற்பயிற்சிப் பள்ளிகள் கட்டணத்தை ஊதிப் பெருக்கின. டெக்சாஸ் பிரதிநிதி ஓலின் டீக் தலைமையிலான நாடாளுமன்றக் குழு இந்த முறைகேடுகளை விசாரித்தது. அதன் பின் 1952இல் வந்த கொரியப் போர் வீரர்களுக்கான சட்டம், பணத்தைப் பள்ளியிடம் தராமல் வீரரிடமே தந்தது; முன்னேற்றம் போதாதவரின் உதவியை நிறுத்தவும் வழி செய்தது. நிறுவனங்கள் செய்த தவறுக்கான கண்காணிப்பில் ஒரு பங்கு மாணவர் தலையில் விழுந்தது. பின்னாளிலும் இது திரும்பத் திரும்ப நடந்தது.

1965இல் உயர்கல்விச் சட்டம் வந்தது. 1972ஆம் ஆண்டுத் திருத்தம், பின்னர் செனட்டர் கிளைபோர்ன் பெல்லின் பெயரைப் பெற்ற அடிப்படை உதவித்தொகையை உருவாக்கியது. குடும்ப வருமானத்தைப் பார்த்து மாணவருக்கு நேரடியாக உரிமை தரும் உதவி அது. வகுப்பில் முதலிடம் பெற்றவருக்கு என்று ஒதுக்கிய பரிசு அல்ல. 1976ஆம் ஆண்டுத் திருத்தம் கூட்டாட்சி உதவித் திட்டங்களுக்குப் பொதுவான நிபந்தனையாகத் திருப்திகரமான முன்னேற்றத்தை வைத்தபோதும், அளவுகோல் கல்லூரியின் கையிலேயே இருந்தது. முப்பதாண்டுக்கு முந்தைய ஜி.ஐ. சட்டத்தின் மனப்போக்கு அப்படியே தொடர்ந்தது.

மாற்றம் தணிக்கையாளர்களிடமிருந்து வந்தது. நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகம் 1981 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, உதவி பெறும் மாணவர்கள் பலர் போதிய முன்னேற்றம் காட்டவில்லை என்றும் கடுமையான நியதிகள் தேவை என்றும் சொன்னது. கல்விச் செலவைக் குறைக்க ரீகன் அரசு முனைந்திருந்த காலம் அது. 1983இல் கல்வித் துறை வகுத்த விதிகள், மதிப்பெண்ணோடு முடித்த பாடங்களின் அளவையும் கணக்கிடுமாறு கல்லூரிகளைக் கேட்டன. உதவி பெறுவோருக்கான நியதி மற்ற மாணவர்களுக்கானதற்குச் சமமாகவோ அதைவிடக் கடுமையாகவோ இருக்க வேண்டும் என்றும் ஆயிற்று. சொந்தப் பணத்தில் படிக்கும் மாணவர் பாடங்களைப் பாதியில் விட்டுவிட்டு மெதுவாகப் படித்தால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. உதவியில் படிப்பவரோ அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அந்த ஏற்றத்தாழ்வு எழுத்தில் ஏறிய இடம் இதுதான் என்று கருதுகிறேன்.

1986ஆம் ஆண்டுத் திருத்தம், இரண்டாம் ஆண்டு முடிவில் 'சி' சராசரியோ, பட்டம் பெறத் தேவையான அளவுக்கு ஒத்த நிலையோ வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியது. உறவினரின் சாவு, காயம், நோய், வேறு தனிச் சூழல் இருந்தால் விலக்களிக்கலாம் என்றும் அதே சட்டம் சொன்னது. 1990களின் நடுப்பகுதியில் ஒன்றரை மடங்குக் கால வரம்பு விதிகளில் வந்தது. பட்டத்துக்கு 120 கிரெடிட் என்றால், முயன்றவை 180ஐத் தாண்டக் கூடாது. 120ஐ 180ஆல் வகுத்தால் வருவதுதான், இன்று பல கல்லூரிகள் கடைப்பிடிக்கும் 67 விழுக்காடு.

2010 அக்டோபரில் வெளியாகி 2011 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் இந்தக் கணக்கை இறுக்கின. இந்த விதிகளுக்கும் உடனடித் தூண்டுதல் இலாப நோக்குக் கல்லூரிகளின் முறைகேடுகளே. அதற்கு முன் கல்லூரிகளால் பல தவணைகளுக்குக் கண்காணிப்பை நீட்டிக்க முடிந்தது. இப்போது செமஸ்டர்தோறும் மதிப்பிடும் கல்லூரியில் ஒரே ஒரு செமஸ்டருக்கு மட்டும் 'எச்சரிக்கை' நிலை; அதிலும் தேறாவிட்டால் உதவி நிற்கும். மேல்முறையீடு ஏற்கப்பட்டால்தான் கண்காணிப்புக் காலமோ தனிப் படிப்புத் திட்டமோ கிடைக்கும்.

கணக்கை ஒரு கற்பனை மாணவியிடம் போட்டுப் பார்ப்போம். முதல் செமஸ்டரில் 15 கிரெடிட் எடுக்கிறாள். வேலை நேரம் மாறியதால் மூன்று பாடங்களை இடையில் விலக்கிக்கொண்டு, மீதி இரண்டிலும் 'பி' வாங்குகிறாள். விலக்கிய பாடம் ஜி.பி.ஏ.வில் சேராது, ஆகவே சராசரி 3.0, நல்ல மாணவிதான். ஆனால் விலக்கிய பாடமும் முயன்ற கிரெடிட்டாக எண்ணப்படும். முடித்தது 15க்கு 6, அதாவது 40 விழுக்காடு, எச்சரிக்கை வருகிறது. அடுத்த செமஸ்டரில் 15 எடுத்து 12 முடிக்கிறாள், மீண்டும் எல்லாம் 'பி'. மொத்தம் 30க்கு 18, 60 விழுக்காடு, உதவி நிற்கிறது. மூன்றாம் செமஸ்டரில் 15ஐயும் முடித்திருந்தால் 45க்கு 33, அதாவது 73 விழுக்காடு என்று தாண்டியிருப்பாள். மீள்வதற்குச் சரியாக ஒரு செமஸ்டர் முன்பு பணம் நின்றுபோகிறது. கல்வியில் அவள் தோற்றாள் என்று எந்த ஆசிரியரும் சொல்லமாட்டார்.

இவ்வளவு பேரைத் தொடும் விதி நெடுங்காலம் ஆய்வாளர் கண்ணில் படாமலே இருந்தது. லாரன் ஷூடியும் ஜூடித் ஸ்காட்-கிளேட்டனும் 2010களில் அதை விரிவாக ஆராய்ந்தார்கள். முதலாண்டில் பெல் உதவி பெறுவோரில் ஐந்தில் ஒருவருக்குக் குறையாமல் தகுதி இழக்கும் நிலையில் இருப்பதாக அவர்கள் கணித்தார்கள். தொடர்ந்து படிப்பவர்கள் சிலரின் மதிப்பெண் விதியால் உயர்ந்தது. அரசுப் பணம் வீணாவது குறைந்தது. கூடவே, அதே அளவு மதிப்பெண் எடுக்கும் வசதியுள்ள மாணவரைவிட ஏழை மாணவர் விரைவாக வெளியேறினார். இரண்டு விளைவையும் ஒருசேரச் சொன்ன அவர்களின் நேர்மை போற்றத்தக்கது. ஆனால் அவற்றை ஒரே தராசில் நிறுத்த என்னால் முடியவில்லை. மிச்சமான பணம் அரசுக் கணக்கில் தெரியும்; படிப்பை விட்டவர் எங்கே போனார் என்பது எந்தக் கணக்கிலும் ஏறாது.

2012இல் பெல் உதவியின் வாழ்நாள் வரம்பு 18 செமஸ்டரிலிருந்து 12ஆகக் குறைந்தபோது இரண்டாவது கடிகாரமும் வேகமெடுத்தது. எதிர்த்திசையிலும் ஒரு நடவடிக்கை வந்தது: 2020 மார்ச்சில் நிறைவேறிய கொரோனா நிவாரணச் சட்டம், தொற்றால் முடிக்க முடியாத கிரெடிட்டுகளைக் கணக்கிலிருந்து நீக்க அனுமதித்தது. ஆனால் தனி ஒரு மாணவியின் வீட்டில் மட்டும் நோய் வந்தால் மருத்துவர் கடிதத்தோடு மனு எழுதி, என்ன நேர்ந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று அவளே நிறுவ வேண்டும்.

அந்த மனுவுக்கும் உறுதியில்லை. இன்றைய விதிகளின்படி மேல்முறையீட்டை அனுமதிப்பதா வேண்டாமா என்பது கல்லூரியின் விருப்பம். முதலாண்டில் குறைந்த விழுக்காடு வைத்து ஆண்டுதோறும் உயர்த்திக்கொண்டு போகும் உரிமையும் கல்லூரிக்கு உண்டு. மேலே பார்த்த மாணவியின் கல்லூரி முதலாண்டுக்கு 60 விழுக்காடு என்று வைத்திருந்தால் அவள் உதவி நின்றிருக்காது. ஒரே எண்ணை எல்லா ஆண்டுக்கும் வைப்பது நிர்வாகத்துக்கு எளிது என்பதைத் தவிர, அப்படி வைத்திருக்கும் கல்லூரிகளுக்கு வேறு வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.