கைநாட்டும் கலகமும்

களவும் கலகமும் பெருகுவதைப் பற்றி நம்மவர் கூட்டங்களில் பேச்சு வந்தால், பிள்ளைகளைப் படிக்க வைக்கவேண்டுமென்று தீர்மானித்து எழுந்துவிடுகிறோம். பெரியவர்கள் படிப்பதைக் குறித்து ஒருவரும் வாய் திறப்பதில்லை. அக்காலத் துரைத்தனத்தாரும் இவ்வண்ணமே கருதினர் போலும். 1887-ஆம் ஆண்டில் குற்றஞ்செய்த சிறுவர்க்கெனச் செங்கற்பட்டில் சீர்திருத்தப் பாடசாலையொன்றை நிறுவினர். அத்தகைய சிறுவரைப் பெற்ற ஏழைத் தகப்பன்மாரின் நிலை யாது?

அதனை எழுதிவைத்தவர் இந்த ஜில்லாவின் கலெக்டர் திரமென்ஹீர் துரை. 1891-ல் அவர் வரைந்த அறிக்கையில், அக்காலத்துப் பஞ்சமர் எனப்பட்ட ஆதிதிராவிடர் படியாட்களாய்க் கடனிற் கட்டுண்டிருந்ததும், தரிசு நிலம் கேட்டபோது மிராசுதாரர் தடுத்ததும் விரிவாய்க் காணப்படும். அதன் பயனாக 1892 செப்டம்பர் 30-ல் பிறந்த உத்தரவினால் அவர்களுக்கு நிலம் வழங்கலாயிற்று. பஞ்சமி நிலமென்பது அதுவே. பத்தாண்டு வரையில் விற்கலாகாது, அதன்பின்னும் அவ்வகுப்பாரல்லாத பிறர்க்கு விற்கலாகாது என்பது அந்நிலத்துக்கு ஏற்பட்ட நிபந்தனை.

நல்ல நிபந்தனைதான். ஆனால் அது காகிதத்தில் இருந்தது. உழுதவனோ கைநாட்டுப் பேர்வழி. அடமானமென்று சொல்லிக் கிரயப் பத்திரத்தை நீட்டினால் அவன் எதைக் கண்டு மறுப்பான்? வறுமையும் மிரட்டலும் அதிகாரிகளின் அசட்டையும் சேர்ந்துகொள்ள, அந்நிலங்களிற் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று.

இதன் விளைவை மாமல்லபுரத்துப் பக்கத்தார் தம் கண்ணாலேயே கண்டனர். காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தை மீட்கவேண்டி எழுந்த கிளர்ச்சியில், 1994 அக்டோபர் 10-ல் செங்கற்பட்டில் போலீசார் சுட்டதனால் ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் மாண்டனர். நூறாண்டுக்கு முன் வழங்கிய நிலத்தின் பொருட்டு இரண்டு உயிர்! இதனை வெறும் கலகமென்று எழுதுவது நியாயமாகாது. எழுத்தறிவு ஒன்றே அந்நிலத்தைக் காத்திருக்குமென்றும் நாம் சொல்லவில்லை. வாசிக்கத் தெரிந்தவனை ஏய்ப்பது கடினம் என்பதே நமது கட்சி. ஏய்க்கப்பட்ட காலத்திலேயே அவன் மனுப்போட்டிருப்பான், பேரன் காலம்வரை வழக்கு வளர்ந்திராது.

முதியோர் கல்வி இந்நாட்டில் நடவாமலில்லை. 1978 அக்டோபர் 2-ல் தேசிய முதியோர் கல்வித் திட்டமும், 1990-க்குப்பின் அறிவொளி இயக்கமும் வந்தன. எனினும் பல ஊர்களில் முதியோர் கல்வியென்றால் கையெழுத்துப் போடக் கற்பதென்றே எண்ணிவிட்டனர். வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து மட்டும் அறிந்தவனுக்கு ஆபத்து அதிகம். கைநாட்டுக்காரனாவது நாலுபேரை விசாரிப்பான். நமது சங்கத்தில் இராப்பாடசாலை தொடங்க முன்வருவோர், அரிச்சுவடியோடு பழைய பட்டா ஒன்றையும் கிரயப் பத்திரம் ஒன்றையும் கொண்டுவருவார்களாக.