தாதுப் பஞ்சமும் ஜூன் முதல் தேதியும்

திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் குடும்ப வரலாறு எழுத உட்காருபவருக்கு மூன்று தலைமுறைக்கு முந்தைய பிறந்தநாள் தேதியாகக் கிடைப்பது அபூர்வம். ஒரு வருஷப் பெயர், ஒரு மாதம், ஒரு நட்சத்திரம், மிஞ்சிப்போனால் ஒரு பஞ்சம் அல்லது ஒரு புயல் கிடைக்கும். இவை தெளிவில்லாதவைதான், ஆனால் பெரும்பாலும் உண்மையானவை. நாள், மாதம், ஆண்டு மூன்றும் பிசகின்றி நிற்கும் தேதிகளைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது.

தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது. பிரபவ 1867இல் வந்தது. மறுபடி 1927இல், பிறகு 1987இல். ஆகவே பெயர் மட்டும் தெரிந்தால் அறுபது ஆண்டு பிசகுவதற்கு இடமுண்டு. “தாது வருஷத்தில் பிறந்தவர்” என்றால் அது 1876 ஆகலாம், 1936ம் ஆகலாம். “தாதுப் பஞ்சத்தில் பிறந்தவர்” என்றால் அந்தக் குழப்பம் இல்லை: சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை வாட்டிய பஞ்சம் அது. ஆனால் அங்கும் ஒரு நெகிழ்ச்சி உண்டு. பஞ்சத்துக்குத் தாதுவின் பெயர் ஒட்டிக்கொண்டாலும் அது அந்த ஒரு வருஷத்தோடு முடியவில்லை. அதனால் பதிவில் 1876 என்று எழுதாமல் “1876க்கும் 1878க்கும் இடையில்” என்று எழுதுவதே சரி.

வருஷத்தோடு மாதமும் கிடைத்தால் வேறொரு பொறி காத்திருக்கிறது. பூண்டி ஏரி கட்டும்போது, சுபானு வருஷம் மாசி மாதம் பிறந்ததாக ஒரு பாட்டியைப் பற்றி வீட்டில் சொல்லி வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டியலைப் பார்த்தால் சுபானு 1943. அவசரக்காரர் “பிப்ரவரி 1943” என்று எழுதிவிடுவார். சுபானுவோ 1943 ஏப்ரல் நடுவில் தொடங்கி 1944 ஏப்ரல் நடுவில் முடிந்தது. அதன் மாசி விழுவது 1944 பிப்ரவரி, மார்ச்சில். மார்கழியின் பின்பாதி முதல் பங்குனி வரை பிறந்த எல்லோருக்கும் இதே கணக்குத்தான். பூண்டி ஏரி சாட்சியும் இதோடு ஒத்துப்போகிறது. கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1940இல் தொடங்கிய அந்த வேலை 1944இல் முடிந்தது. சென்னை மேயராக இருந்து அதற்குப் பாடுபட்ட சத்தியமூர்த்தி 1943இலேயே காலமாகிவிட்டார். ஏரி அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது.

பாட்டியின் நட்சத்திரமும் தெரிந்தால் தேதியை இன்னும் நெருங்கலாம். சந்திரன் இருபத்தேழு நட்சத்திரங்களைச் சுற்றிவர ஏறக்குறைய 27.3 நாள் ஆகிறது. ஆகவே ஒரு தமிழ் மாதத்தில் ஒரு நட்சத்திரம் ஒருமுறை வரும், சில சமயம் இருமுறை. கிழமையும் நினைவிருந்தால் ஒரே நாளில் போய் நிற்கும். இறந்த நாளுக்குத் திதி இந்த வேலையைச் செய்கிறது. திவசம் கொடுக்கும் வீடுகளில் மாதமும் பட்சமும் திதியும் மறக்கப்படுவதில்லை, வருஷம்தான் தொலைந்துபோகிறது. எல்.டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை 1911இல் வெளியிட்ட ‘இந்தியன் குரோனாலஜி’ இத்தகைய குறிப்புகளைச் சரிபார்ப்பதற்கென்றே எழுதப்பட்டது, கி.மு. 1 முதல் கி.பி. 2000 வரைக்கும் அதில் வழி உண்டு. கல்வெட்டு ஆய்வாளர்கள் புரட்டும் நூல் என்று பெயரெடுத்தாலும் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் ஜாதகத்துக்கும் அது பயன்படும்.

நிலக் காகிதங்களில் வருவது பசலி. ஜூலை 1இல் தொடங்கும் வருவாய் ஆண்டு அது. 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1353 என்பது 1943 ஜூலை முதல் 1944 ஜூன் வரை. ஒருவர் பெயரிலிருந்த பட்டா அந்தப் பசலியில் மகன் பெயருக்கு மாறியிருந்தால், தந்தை அதற்கு முன்பே இறந்திருக்கக்கூடும் என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது. பாகப்பிரிவினையிலும் பட்டா மாறும்.

பழவேற்காட்டுக்குப் போனால் சிக்கல் வேறு மாதிரி. டச்சுக்காரர்கள் 1613இல் கெல்ட்ரியா கோட்டை கட்டிய ஊர் அது. அவர்களுடைய கல்லறைக் கற்களில் தேதிகள் அழகாகவே வெட்டப்பட்டிருக்கின்றன. ஆனால் அவர்கள் கிரிகோரிய நாட்காட்டிக்காரர்கள். தெற்கே சென்னைக் கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் 1752 வரை பழைய ஜூலிய நாட்காட்டியை விடவில்லை. ஆண்டையும் மார்ச் 25இல்தான் தொடங்கினார்கள். பழவேற்காட்டில் 1660 பிப்ரவரி 20 என்று எழுதிய நாளைச் சென்னையில் 1659 பிப்ரவரி 10 என்று எழுதினார்கள். இரண்டு ஊர் ஏடுகளிலும் பெயர் வரும் குடும்பத்தைத் தேடுபவர், எந்த ஏட்டிலிருந்து எடுத்த தேதி என்று குறிக்காவிட்டால் ஒரு வருஷம் காணாமல் போகும்.

இருபதாம் நூற்றாண்டில் தேதிகள் துல்லியமாகத் தெரிந்தாலும் அவற்றின் பின்னணியைப் பார்க்க வேண்டும். பிறப்பு இறப்புக் கணக்கைக் கிராம முன்சீப் எழுதிய காலத்தில் குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிவாகிவிடும். “ஆண் குழந்தை” என்பதோடு தகப்பன் பெயர் மட்டும் இருக்கும். அது அண்ணனா தம்பியா என்று தீர்மானிக்க வேறு சாட்சி வேண்டும். பதிவாகாத குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமே பிறந்தநாள் கொடுத்தது. கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது. தலைமையாசிரியர் ஜூன் மாதத்தில் ஒரு நாளை எழுதிக்கொள்வார். ஒரே வீட்டில் மூன்று பேருக்கும் ஜூன் முதல் தேதி பிறந்தநாள் என்றால் அதிசயப்பட ஒன்றுமில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் இந்தத் தேதிக்கு வேறொரு கனம் உண்டு. வைப்பு நிதி ஓய்வூதியக் கணக்கு 58 வயதில் நிற்பது இந்தக் காகிதத் தேதியை வைத்துத்தான். ஆதார் பதிவிலோ பிறந்த தேதி மூன்று வகை: ஆவணத்தால் சரிபார்த்தது, சொன்னதை அப்படியே எழுதியது, தோராயமானது. அந்த வகைப்பாட்டில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் அட்டையில் அது அச்சாவதில்லை.

குடும்ப மரம் எழுதுபவர் செய்ய வேண்டியது அந்த வகைப்பாட்டை மீட்பதுதான். 1984இல் வந்த ஜெட்காம் என்ற கணினிக் கோப்பு முறையில் ‘சுமார்’, ‘முன்’, ‘பின்’, ‘இடையில்’ என்பவற்றுக்குத் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. நோட்டுப் புத்தகத்தில் இதே தமிழ்ச் சொற்கள் போதும். கேட்ட வாசகத்தைக் கேட்டபடியே முதலில் எழுதி, சொன்னவர் யார், எப்போது சொன்னார் என்று சேர்த்து, கணக்கிட்ட தேதியை அதன் கீழே தனியாக வைப்பது நல்லது. பாட்டியின் பள்ளிச் சான்றிதழில் ஒரு ஜூன் முதல் தேதி இருந்தால் அதையும் அடிக்காமல் வைத்திருக்கலாம். அவர் பிறந்த நாளுக்கு அது சாட்சி இல்லாவிட்டாலும், பள்ளியில் எப்போது சேர்ந்தார் என்பதற்குச் சாட்சி.

தேதியே இல்லாத காகிதத்தையும் கைவிட வேண்டியதில்லை. திருத்தணி ஊர்க்காரரின் முகவரியில் சித்தூர் மாவட்டம் என்று இருந்தால் அது 1911க்குப் பிந்தியது. பெரும்பாலும் 1960 ஏப்ரல் 1க்கு முந்தியது, அன்றுதான் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கும்மிடிப்பூண்டிக் கடிதத்தில் திருவள்ளூர் மாவட்டம் என்று இருந்தால் 1997க்கு முன் எழுதியிருக்க முடியாது. செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் என்றிருந்தால் அதற்குச் சில ஆண்டுகள் முன்னே.