டூக்கோவும் பனை மெழுகும்

கார் வர்ணத்தைப் பட்டறைகளில் இன்றும் சிலர் ‘டூக்கோ’ என்பர். அது அமெரிக்காவின் டூ பாண்ட் நிறுவனம் இட்ட பெயர். 1923-இல் ஓக்லண்ட் கார்களுக்கு அதைப் பூசினர். வார்னிஷ் உலர வாரக்கணக்கில் காத்திருந்த நிலை மாறிற்று! ஆனால் நைட்ரோசெல்லுலோஸாலான இப்பூச்சு வெயிலில் மங்கி, மாவாக உதிரும். ஆகவே பாலிஷும் மெழுகும் தேவைப்பட்டன. இரண்டும் ஒன்றென்றே பலர் எண்ணுகின்றனர். பாலிஷ் மங்கிய மேற்படலத்தைத் தேய்த்தெடுக்கும். மெழுகு நுண்கீறல்களை நிரப்பும். ஒளி சிதறாமல் சீராகத் திரும்புவதே பளபளப்பு. மாதந்தோறும் பாலிஷ் தேய்த்தால் வர்ணமே போய்விடும். மெழுகை அடிக்கடி பூசலாம்.

எந்த மெழுகு? தேன்மெழுகு சுமார் 63 டிகிரி செல்சியஸில் உருகும். பிரேசிலின் கார்னோபா பனையோலை மெழுகு உருக 80 டிகிரிக்கு மேல் வேண்டும். தேவதானப்பட்டிச் சித்திரை வெயிலில் கை வைக்கமுடியாத கறுப்பு பானெட்டுக்குக் கடின மெழுகே தாங்கும். எனினும் அதை நிழலில், தகடு ஆறியபின் பூசுங்கள். சூட்டில் கரைப்பான் விரைந்து ஆவியாகி, மெழுகு திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்ளும்.