கழுவிய பாதங்களும் புழுதிக் கால்களும்

சென்னை எலியட்ஸ் கடற்கரையை ஒட்டி, ஊரூர்க் குப்பத்து மீனவர்கள் காலங்காலமாய் வலை உலர்த்திவந்த மணற்பரப்புக்கு அருகே, வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து அடுக்கு வீடுகள் எழுப்பிய பெசன்ட் நகர், அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயரைத் தாங்கியிருந்தாலும் வயதில் மிக இளைய ஊர்தான். அன்னை வேளாங்கண்ணி ஆலயம் அங்கே தோன்றியது 1972இல்; அஷ்டலக்ஷ்மி கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1976இல். அரை நூற்றாண்டுச் சரித்திரத்தில் என்ன இருந்துவிடப் போகிறது என்று அதை ஒதுக்கிவிடலாகாது. வேளாங்கண்ணி ஆலயத்தில் ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29ஆம் தேதி நடைபெறும் கொடியேற்றத்திற்கு, நகரின் நாலா திசைகளிலிருந்தும் காவியுடுத்தி நடந்தே வருகிற ஜனத்திரளிலும், வழிநெடுக நின்று அவர்களுக்குத் தண்ணீரும் மோரும் கொடுக்கிற கைகளிலும், வெகு பழைய இரண்டு தர்மங்கள் ஒன்றையொன்று சந்திக்கின்றன.

அவற்றுள் ஒன்று பாதம் கழுவும் தர்மம். தாம் பிடிபடவிருந்த இரவில், யேசுநாதர் மேலாடையைக் களைந்து இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் நீர் எடுத்துத் தம் சீடரின் கால்களைக் கழுவினார் என்று யோவான் சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரம் சொல்கிறது. புழுதித் தெருவில் நடந்து வந்த விருந்தாளியின் காலைக் கழுவுவது அக்காலத்து யூத தேசத்தில் ஏவலாளின் வேலையாதலால், பேதுரு பதறி மறுத்ததில் வியப்பில்லை. நம் நாட்டிலும், கல்யாணப் பந்தலில் மாமனார் மாப்பிள்ளையின் காலைக் கழுவுவதாயினும், சிஷ்யர்கள் குருவுக்குப் பாதபூஜை செய்வதாயினும், செம்பு எப்போதும் பணிகிறவர் கையில்தான் இருக்கும்; மரியாதைக்குரியவர் தாமே செம்பை எடுப்பதென்பது பொதுவாக வழக்கமில்லை.

இந்தத் தலைகீழ்ப் பாடத்தைப் பிற்காலத்தார் எப்படிப் போற்றினார்கள் என்று பார்த்தால் சற்று வேடிக்கையாகவே இருக்கும். ஸ்பெயின் தேசத்துத் தொலேதோ நகரில் 694இல் கூடிய சங்கம், ஆயர்களும் குருக்களும் அந்த இரவின் நினைவுநாளாகிய பெரிய வியாழனன்று பிறர் பாதங்களைக் கழுவியே ஆகவேண்டும் என்று கட்டளையிட்டது. கட்டளையிட வேண்டியிருந்தது என்பதே போதிய சாட்சியம். பின்பு ராஜாக்கள் அதைக் கைக்கொண்டார்கள். இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் ராணி ஏழைப் பெண்களின் கால்களைக் கழுவுவதற்கு முன்னதாக, அரண்மனைச் சலவை ஊழியரும் தர்மாதிகாரிகளும் முறையே அதே கால்களைக் கழுவிச் சுத்தமாக்கி வைத்திருப்பார்கள். வியன்னாவில் பிரான்ஸ் ஜோசப் சக்கரவர்த்தி, அமைச்சரும் பிரபுக்களும் பார்த்திருக்க, பன்னிரண்டு ஏழைக் கிழவர்களின் பாதங்களில் நீர் வார்த்தார். இங்கிலாந்து மன்னர்களோ 18ஆம் நூற்றாண்டுக்குள் கழுவுவதை அறவே விட்டுவிட்டு, வெள்ளிக் காசு கொடுப்பதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

பன்னிரண்டாம் பத்திநாதர் என்னும் போப்பாண்டவர் 1955இல் பெரிய வாரச் சடங்குகளைத் திருத்தியமைத்தபோது, இவ்வனுஷ்டானம் வியாழன் மாலைப் பூசையிலேயே இடம்பெற்று, சாதாரணப் பங்குக் கோயில்களுக்கும் பரவலாயிற்று. பன்னிருவரும் வரிசையாய் உட்கார, பங்குத் தந்தை மேலங்கியைக் களைந்து, துண்டைக் கட்டி, மண்டியிட்டு, ஒவ்வொரு வலக்காலின்மேலும் ஒரு கை நீரை ஊற்றித் துடைத்து முத்தமிடுகிறார். உட்கார்ந்திருப்பவர்கள் வீட்டிலேயே குதிகாலை நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தவர்கள் என்பதைக் கிண்ணத்தில் விழுகிற தெளிந்த நீரே காட்டிக் கொடுத்துவிடும்! பெண்களின் பாதங்களுக்கும் சட்டப்படி இடம் கிடைத்தது 2016இல்தான்; அதற்கு மூன்றாண்டு முன்னரே போப் பிரான்சிஸ், ரோமாபுரியின் சிறார் சிறையொன்றில் இளம்பெண்கள் இருவரின் காலையும் கழுவியிருந்தார். சடங்கு ஒருவனுடைய உள்ளத்தை மாற்றிவிடும் என்று நம்புகிறவர்கள் நம் தமிழ்நாட்டு வடக்கன்குளத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கிறிஸ்தவர்கள் சாதிவாரியாகப் பிரிந்து உட்கார அங்கே ஆலயத்துக்குள்ளேயே எழுப்பியிருந்த தடுப்பு, 1910இல்தான் இடிக்கப்பட்டது.

மற்றொரு தர்மம் முற்றிலும் நம்முடையது. திங்களூர் அப்பூதியடிகள், தாம் கண்ணாலும் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரால் தண்ணீர்ப் பந்தல் வைத்த வரலாற்றைப் பெரியபுராணம் விரித்துரைக்கிறது. பந்தல் வைப்பவர் வழிப்போக்கரின் குலம் கோத்திரம் கேட்பதில்லை. தாகத்துக்கு அதெல்லாம் வேண்டுவதுமில்லை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கேயுள்ள மூல வேளாங்கண்ணியின் ஐதிகமும் இதை ஒட்டியே அமைந்திருக்கிறது. எஜமானர் வீட்டுக்குப் பால் சுமந்து சென்ற இடைச்சிறுவனிடம் அன்னை தம் குழந்தைக்குப் பால் கேட்டார் என்றும், பின்னொரு காலத்தில், வெயிலில் வருவோர் போவோருக்கு மோர் விற்றுக்கொண்டிருந்த முடவனான ஏழைப் பையனிடம் மோர் வாங்கி அவனுக்குக் கால் கொடுத்தார் என்றும் பக்தர்கள் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள். 1962இல் போப்பாண்டவர் இருபத்து மூன்றாம் அருளப்பரால் பசிலிக்கா என்ற உயர்பதவி பெற்ற அத்தலத்தின் மகிமை, ஏவலுக்குப் போன பையனிடமும் மோர்ப் பானையிடமும் தொடங்குகிறது என்பதை, அதன் கோபுரங்களை அண்ணாந்து பார்க்கிறவர்கள் எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

பெசன்ட் நகர்க் கொடியேற்ற நாளில் அந்த மோர் மறுபடியும் தெருவுக்கு வந்துவிடுகிறது. அடையாற்றைத் தாண்டி வருகிற சாலைகளில், மேசைமேல் நீல டிரம்மை ஏற்றி, மோரில் கறிவேப்பிலையும் இஞ்சியும் தட்டிப் போட்டு, குனிந்து குனிந்து மொண்டு கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். வாங்கிக் குடிப்பவர்களில் வேற்று மதத்தவரும் அநேகர். நேர்ந்துகொண்டு செருப்பில்லாமல் நடந்து வந்து, தார்ச்சாலைச் சூட்டில் கொப்புளித்த காலைத் திண்ணையோரம் நீட்டி உட்காரும் தாய்மாரும் உண்டு. அன்று அங்கே வருவன முன்கூட்டிக் கழுவி வைத்த கால்கள் அல்ல. வியன்னா அரண்மனையைக் காட்டிலும் இந்தத் தெருமுனையே சுவிசேஷத்துக்கு அருகில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

வேளாங்கண்ணி ஆலயத்திலிருந்து கடற்கரையோடு வடக்கே நடந்தால் வெள்ளை வளைவுகளோடு கூடிய கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம் தென்படும். 1930 டிசம்பர் 30ஆம் தேதி, அலையில் சிக்கியவர்களைக் காப்பாற்ற முனைந்து தம் உயிரை விட்ட அந்த ஐரோப்பியரின் பெயராவது கல்லில் நிற்கிறது. மோர் மொண்டு கொடுக்கிறவர்களுடைய பெயர் எங்கும் பதிவாவதில்லை, அவர்கள் அதை எதிர்பார்ப்பதுமில்லை.

இனி, அவ்வழியே நடக்கப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். குடித்து முடித்த காகித தம்ளரைக் காலடியில் எறிந்துவிட்டுப் போகாதீர்கள். மறுநாள் விடியுமுன் அதைக் குனிந்து பொறுக்க வேண்டியவர்கள் மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர்கள். பந்தலுக்குப் பக்கத்திலேயே குப்பைத் தொட்டி இருக்கிறது.