எசன் நகரிலிருந்து வந்த மருமகள்

எங்கள் கல்லூரியில் ஒருநாளும் படியாத ஒரு பெண்மணியைப் பற்றி நூற்றாண்டு மலரில் எழுதலாமா என்று எங்களுக்குள் சிறு வாதம் நடந்தது. அவர் திருகோணமலையைச் சேர்ந்தவரும் அல்லர். ஆனால் 1983 இலும் 1990 இலும் இந்தத் துறைமுகப் பட்டினத்தைவிட்டுப் போனவர்கள் எங்களில் எத்தனை பேர்! பிள்ளையாவது தப்பட்டும் என்று தாய் தகப்பன் தனியே அனுப்பிவைத்தவர்களும் எங்களுள் இருக்கிறார்கள். ஆகவே இது எங்களுக்குப் பிறத்தியார் கதை அல்ல.

ஆன் ரணசிங்க 1925 ஒக்டோபர் 2 ஆம் திகதி ஜேர்மனியின் எசன் நகரில் யூதக் குடும்பமொன்றின் ஒரே பிள்ளையாகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அனலீஸ கட்ஸ். 1938 நவம்பர் 9 ஆம் திகதி இரவு நாஸிகள் நாடெங்கும் யூதரின் கடைகளையும் தொழுகைக் கூடங்களையும் அடித்து நொறுக்கி எரித்தனர். 1913 இல் கட்டப்பட்ட எசன் தொழுகைக் கூடமும் உள்ளே எரிந்து போயிற்று. கற்சுவர்கள் மட்டும் நின்றன. அதைக் கண்ட அனலீஸவுக்கு அப்போது வயது 13.

அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அவரை இங்கிலாந்திலிருந்த உறவினரிடம் அனுப்பினார்கள். செப்டெம்பரில் போர் மூண்டது; பெற்றோருக்கு வழி அடைபட்டது. அவர்களைப் போலந்தின் லொட்ஸ் நகர யூதச் சேரிக்குக் கொண்டுபோய், 1944 இல் கெல்ம்னோ முகாமில் கொன்றார்கள். மகள் அந்நேரம் புதிய மொழியில் புதிய பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். போர் முடிந்த பின்னரே உண்மை தெரிய வந்தது.

லண்டனில் தாதியாகப் பயின்ற அவர், 1949 இல் இலங்கை வைத்தியர் ரணசிங்கவை மணந்தார். பின்னாளில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர் அவர். 1950களின் தொடக்கத்தில் கொழும்புக்கு வந்தபோது கணவரின் முந்திய மணத்துப் பிள்ளைகள் மூவர் வீட்டில் இருந்தனர். பிறகு தாமே நால்வரைப் பெற்றார். ஏழு பிள்ளைகள், அறியாத மொழி, அறியாத சமையல், புருசன் வீட்டார் வழக்கங்கள். புகுந்த வீட்டின் அடுப்படி எப்படியிருக்கும் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை! ஆனால் தன் பக்கத்தில் சொல்லிக்கொள்ளத் தாயோ தகப்பனோ இல்லாமல் அதைச் சமாளிப்பது வேறு.

பிள்ளைகள் ஓரளவு வளர்ந்த பிறகுதான் பேனா எடுத்தார். பத்திரிகைத்துறை படித்தார், முதல் கவிதைத் தொகுதி 1971 இல் வெளிவந்தது. தாய்மொழியான ஜேர்மனில் அன்றி, அகதியாகக் கற்ற ஆங்கிலத்திலேயே எழுதினார். கொலையுண்ட தாயை விளித்தும் ஒரு கவிதை உண்டு. சர்வதேச மன்னிப்புச் சபையின் தென்னாசிய வெளியீட்டுப் பிரிவிலும் பல ஆண்டுகள் பணியாற்றினார்.

பிறகு 1983 ஜூலை வந்தது. இங்கே திருகோணமலையிலும் கடைகள், வீடுகள் எரிந்தன; கொழும்பில் நடந்ததை எல்லோரும் அறிவோம். சிங்களக் குடும்பத்தின் மருமகளாகக் கொழும்பில் வாழ்ந்த அவர் பேசாமல் இருந்திருக்கலாம். அவரோ ‘ஜூலை 1983’ என்று தலைப்பிட்டே ஒரு கவிதை எழுதினார். எசனில் எரித்தவர்களையும், எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களையும் கொழும்புத் தெருவோடு சேர்த்து நினைத்துப் பார்த்தார். இதை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். எங்களுக்காக எழுதியவர்களின் பட்டியல் நீளமானதல்ல. அதில் இந்தப் பெயரை எங்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை என்பதையும் வெட்கத்தோடு சொல்லத்தான் வேண்டும்.

2016 டிசம்பர் 17 இல், 91 ஆவது வயதில் கொழும்பில் காலமானார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த மண்ணில் வாழ்ந்துவிட்டார்.

அவர் தப்பி வெளியேறிய அதே ரூர்ப் பிரதேசத்துக்குத்தான் எங்கள் சனம் பிற்காலத்தில் அகதிகளாகப் போய்ச் சேர்ந்தது. எசனுக்கு அதிக தூரமில்லாத ஹம் நகரில் 2002 இல் காமாட்சி அம்பாள் கோயிலையும் எழுப்பினார்கள். தேர்த் திருவிழாவுக்கு அங்கே போகும் தோழியர், எசனில் இறங்கிப் பழைய தொழுகைக் கூடத்தையும் பார்த்து வாருங்கள். அது இப்போது நினைவிடமாக, யூதப் பண்பாட்டு இல்லமாக இருக்கிறது. எடுத்த படங்களைச் சங்கத்துக்கு அனுப்பினால் கல்லூரி நூலகத்தில் வைப்போம். அவருடைய கவிதை நூல் ஒன்றையும் தேடிக்கொண்டிருக்கிறோம்.