ஸ்க்ரூ டிப்

ஸ்க்ரூ டிப் என்பது பூல், பில்லியர்ட்ஸ் ஆட்டங்களுக்கான கியூ கோலின் நுனியில் பசையில்லாமல் திருகி மாட்டப்படும் தோல் முனை. பொத்தான் அளவுள்ள வட்டத் தோலின் அடியில் பித்தளையிலோ பிளாஸ்டிக்கிலோ ஒரு தட்டு இருக்கும். அந்தத் தட்டிலிருந்து சிறிய திருகாணி ஒன்று நீண்டிருக்கும். உலக்கைக்குப் பூண் போடுவது போலக் கோலின் தலைப்பிலும் ஒரு பூண் உண்டு. ஆட்டக்காரர்கள் அதை ஃபெரூல் என்பார்கள். அந்தப் பூணுக்குள் மரை வெட்டியிருந்தால் ஸ்க்ரூ டிப்பைக் கையாலேயே முடுக்கிவிடலாம். ஒரே துண்டாக வரும் விலை மலிந்த கோல்களிலும், கிளப்பில் எல்லாரும் எடுத்து ஆடும் பொதுக் கோல்களிலும் இது அதிகம் காணப்படுகிறது. உயர்ந்த ரகக் கோல்களில் தோலை நேரடியாகப் பூணின் மேல் பசை வைத்து ஒட்டுவதே வழக்கம்.

தோல் முனை வருவதற்கு முன் வெறும் மர நுனியால்தான் அடித்தார்கள். பந்தின் நடுவில் பட்டால் சரி, ஓரத்தில் பட்டால் வழுக்கிவிடும். பிரெஞ்சுப் படை அதிகாரி பிரான்சுவா மேங்கோ 1807-ஐ ஒட்டித் தோல் முனையைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே பந்தை இடம், வலம், முன், பின் எனச் சுழலவிடும் ஆட்டம் பிறந்தது. பிரிட்டிஷ் படை அதிகாரி நெவில் சேம்பர்லேன் 1875-ல் ஜபல்பூரில் தொடங்கிவைத்த ஸ்னூக்கருக்கு 1880-களில் ஊட்டி கிளப்பில் விதிகள் எழுதப்பட்டபோது, அந்த ஆட்டத்தின் நுணுக்கமெல்லாம் இந்தச் சிறு தோல் துண்டை நம்பித்தான் இருந்தது. இன்று எல்லா மேசையிலும் கிடக்கும் சாக்குக் கட்டிக்கு அமெரிக்காவில் வில்லியம் ஸ்பிங்க்ஸும் வில்லியம் ஹாஸ்கின்ஸும் 1897-ல் காப்புரிமை வாங்கினார்கள். தோலும் சாக்கும் சேர்ந்தால்தான் வழுவழுப்பான பந்தின் மேல் நுனிக்குப் பிடிப்பு கிடைக்கும். ஸ்க்ரூ டிப் இந்தத் தத்துவத்தில் கை வைக்கவில்லை, தோலைக் கோலோடு சேர்க்கும் முறையை மட்டும் மாற்றியது.

அதனால் கிடைக்கும் வசதி பெரியது. மதுரைக்குத் தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் இருக்கும் திருமங்கலம் போன்ற ஊரில் டிராக்டர் உதிரிபாகத்துக்கு மரை வெட்ட லேத் பட்டறை கிடைக்கும். கியூ கோலுக்கென்று கைதேர்ந்த ஆள் கிடைப்பது கடினம். டிப் ஒட்டுவதற்குப் பழைய பசையைச் சுரண்ட வேண்டும், பூணின் முகத்தைச் சமமாக்க வேண்டும், தோலின் அடிப்பாகத்தை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்க வேண்டும், ஒட்டிய பிறகு அழுத்திப் பிடித்துக் காயவிட வேண்டும். அப்புறம் பிதுங்கிய ஓரத்தைப் பிளேடால் சீவி, தலையை வளைவாக இழைக்க வேண்டும். ஸ்க்ரூ டிப்பில் இந்த வேலை எதுவும் இல்லை. ஆட்டத்தின் நடுவில் தோல் பெயர்ந்தால்கூடப் பழையதைக் கழற்றிப் புதியதை முடுக்கி அடுத்த அடியை அடிக்கலாம். பள்ளி, கல்லூரி, விடுதி என்று பலர் கைபடும் இடங்களுக்கு இது நியாயமான தேர்வு. உலக பூல் சங்கத்தின் விதிகளிலும் இதற்குத் தடை இல்லை. டிப்பின் அகலம் 14 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, பந்தைக் கீறாத தோலாகவோ அதுபோன்ற நெகிழ்வான பொருளாகவோ இருக்க வேண்டும் என்பதையே அவை பார்க்கின்றன.

குறைகள் ஆட ஆடத்தான் தெரியும். முதலில் வருவது தளர்வு. ஒவ்வோர் அடியும் ஒரு சின்ன அதிர்ச்சி என்பதால் மரை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறது. கோலைக் காதருகே வைத்து நுனியை விரலால் தட்டினால் கிணுகிணுவென்று ஓர் ஓசை வரும். திருகாணி ஆடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். குழாய் மரைக்குச் சுற்றும் டெஃப்லான் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி முடுக்கினால் சில காலம் தாங்கும். பிளாஸ்டிக் பூணில் உள்மரையே தேய்ந்துவிட்டால் பூணை மாற்றுவதைத் தவிர வழியில்லை. பூண் நடுவில் குடையப்பட்டிருப்பதால் அதன் சுவரும் மெல்லியது. பிரேக் எனப்படும் தொடக்க அடியில் விரிசல் விடுவது இங்கேதான்.

அடுத்தது கைக்கு வரும் உணர்வு. டிப்பும் பந்தும் தொட்டுக்கொள்வது ஏறத்தாழ ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அந்த நேரத்தில் கோல் முழுவதும் வேலை செய்வதில்லை, முன்பகுதியின் சில அங்குலங்களே பந்தின் போக்கைத் தீர்மானிக்கின்றன. அங்கே எடை கூடினால், பக்கவாட்டில் சுழல வைத்து அடிக்கும்போது வெள்ளைப் பந்து குறி வைத்த கோட்டிலிருந்து அதிகமாக விலகும். பித்தளைத் தட்டும் திருகாணியும் எடையைச் சேர்ப்பது சரியாக அந்த இடத்தில்தான். நேராக அடிப்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. சைடு வைத்து ஆடக் கற்றுக்கொள்பவரோ தன் கை தவறுகிறது என்று நினைத்துக் குழம்புவார். இது ஸ்க்ரூ டிப்பின் ஆகப் பெரிய கெடுதல் என்று சொல்ல வேண்டும்.

மூன்றாவது தேய்மானம். ஒட்டு டிப்பில் தோல் தேய்ந்தால் நுனி வழுக்கி மிஸ்க்யூ ஆகும், ஆட்டம் கெடும், அவ்வளவுதான். ஸ்க்ரூ டிப்பில் தோல் மெலிந்து ஓரத்தில் பித்தளை தலைகாட்டினால் உலோகமே பந்தைத் தொடும். ஃபினாலிக் பிசினால் செய்த பந்தில் விழும் கீறலை எளிதில் போக்க முடியாது. மேசைத் துணியில் பித்தளை விளிம்பு உரசினால் கிழிசல், ஒரு டிப்பின் விலையைவிடத் துணி மாற்றும் செலவு பல மடங்கு. தோல் 2 மில்லிமீட்டர் அளவுக்கு வந்ததுமே மாற்றிவிடுவது நல்லது. கடையில் கிடைக்கும் ஸ்க்ரூ டிப்களில் பெரும்பாலானவை சாதாரண ஒற்றைத் தோல். பன்றித் தோலை ஏடு ஏடாக அடுக்கி அழுத்தும் ஜப்பானின் மூரி, காமுயி போன்ற ரகங்கள் ஒட்டுவதற்கென்றே செய்யப்படுபவை.

எந்த வகையானாலும் தலையின் வளைவு முக்கியம். 2011-ல் வந்த வரிசையின் ஒரு ரூபாய் நாணயம் ஏறக்குறைய 22 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அதை டிப்பின் பக்கவாட்டில் பிடித்து, இரண்டின் வளைவும் ஒத்துப்போகும்வரை உப்புத்தாளால் இழைத்தால் பூல் கோலுக்குப் போதும். புது ஸ்க்ரூ டிப்பின் தலை பல நேரம் தட்டையாகவும் வழவழப்பாகவும் வரும். அப்படியே ஆடினால் சாக்கு ஒட்டாது.

பொதுக் கோலுக்கு ஸ்க்ரூ டிப் போதுமானது. சொந்தக் கோல் வைத்து முறையாகப் பழகுபவர் ஒட்டு டிப்புக்கு மாறுவதே சரி. பெவிகுவிக் போன்ற பசை எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கிறது, ஆனால் மரை வெட்டிய பூணின் துளையை மரக்குச்சியால் அடைத்துச் சமப்படுத்தாமல் அதன் மேல் தோலை ஒட்டக் கூடாது. ஸ்க்ரூ டிப்பையே தொடர்பவர்கள் புதியது வாங்கப் போகும்போது பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். திருகாணியின் தடிமனும் மரையின் இடைவெளியும் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும், பொதுவான அளவு கிடையாது.